மனநோயும் வீட்டுக் கணக்கும்: குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) என்று மருத்துவர் சொன்ன நாளில் எங்கள் வீட்டில் யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. அப்படிப் பேசினால் அவருக்கு விலை போடுவது போல ஆகிவிடும் என்று நினைத்தோம். ஆறு மாதம் கழித்துத்தான் அம்மா எங்களுக்குத் தெரியாமல் மூன்று இடங்களில் கடன் வாங்கியிருந்தது வெளியே வந்தது. அன்றிலிருந்து வீட்டுக் கணக்கை நான் எழுதுகிறேன். பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது பராமரிப்பாளர் குழு ஒன்றில் மற்றக் குடும்பங்களோடு உட்கார்ந்து அவர்களுடைய கணக்கையும் பார்க்கிறேன். நான் மருத்துவம் படித்தவர் அல்ல. மருந்தைப் பற்றி இங்கே வருவதை உங்கள் மருத்துவரிடம் கேட்பதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் கட்டணம், மருந்து, இவ்வளவுதானே? இதற்கா இத்தனை குடும்பங்கள் கடனில் விழுகின்றன?

இல்லை. ரசீது தரப்படும் செலவு சிறிய பாதி. ரசீதே இல்லாத செலவுதான் குடும்பத்தைச் சாய்க்கிறது.

எங்கள் முதலாண்டுக் கணக்கைப் பின்னால் பிரித்துப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. மருந்து ஒரு பங்கு. மருத்துவமனைக்குப் போய்வந்த பயணம் ஏறக்குறைய அதே அளவு. அண்ணனுடைய சம்பளம் நின்றுபோனது இவை இரண்டையும் சேர்த்ததைவிடப் பல மடங்கு. அதற்கு மேல், அவரோடு போவதற்காக நான் எடுத்த சம்பளமில்லா விடுப்பு. அதற்கும் மேல் அம்மா வாங்கிய கடனின் வட்டி. எங்களை அழுத்தியது மாத்திரை விலை என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டில் மட்டும் இப்படி இல்லை. மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்றும், அதனால் ஏற்படும் இழப்பு சுமார் ஒரு லட்சம் கோடி டாலர் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது மருந்துச் செலவு அல்ல, உழைக்க முடியாமல் போன நாட்களின் மதிப்பு. அந்த இழப்பின் பெரும்பகுதி ஏதோ ஒரு வீட்டின் மாத வருமானத்தில்தான் குறைகிறது.

மனநோய் வரும் வயதும் சேர்ந்துகொள்கிறது. வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன என்று 2005-இல் வெளியான ரொனால்ட் கெஸ்லர் குழுவின் அமெரிக்க ஆய்வு காட்டியது. முதுமையில் வரும் நோய், ஒருவர் சம்பாதித்து முடித்த பிறகு வருகிறது. இது சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே வருகிறது. படிப்புக்காக வாங்கிய கடன் அடைபடும் முன்பே சிகிச்சைக்கான கடன் தொடங்கிவிடுகிறது.

இப்படிக் கணக்குப் பார்ப்பது, நோயாளி பக்கத்தில் இருக்கும்போது, குரூரம் இல்லையா?

கணக்குப் பார்ப்பது வேறு, சொல்லிக்காட்டுவது வேறு. "உனக்காக எவ்வளவு செலவு செய்தேன் தெரியுமா" என்பது சொல்லிக்காட்டுவது. அது எந்த வீட்டிலும் யாரையும் குணப்படுத்தியதில்லை. "இந்த மாதம் கையில் இவ்வளவு இருக்கிறது, மருந்துக்கு இவ்வளவு எடுத்துவைத்துவிட்டோம், மீதியை எப்படிப் பார்ப்போம்" என்று கேட்டால் அவரையும் குடும்பத்தில் ஒருவராக நடத்துகிறோம். நோய் தணிந்திருக்கும் நாட்களில் பெரும்பாலானோர் இதைப் பேசவே விரும்புகிறார்கள். மறைத்தாலும் அவர்களுக்குத் தெரியத்தான் செய்கிறது. தெரியாததைக் கற்பனை செய்துகொள்ளும்போது உண்மையைவிடப் பெரிதாகத்தான் கற்பனை வரும்.

"நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்" என்கிறார். கோபத்தில் சொல்வதா?

கோபம் என்று விட்டுவிடாதீர்கள். தாமஸ் ஜாய்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், தற்கொலை எண்ணத்தின் வேர்களில் ஒன்றாகக் குறிப்பிடுவது 'நான் மற்றவர்களுக்குச் சுமை' என்ற நம்பிக்கையைத்தான். 2005 முதல் அவர் எழுதிவரும் இந்தக் கருத்தைப் படித்த நாளில் எங்கள் வீட்டில் பேசிய பழைய பேச்சுகளை நினைத்து எனக்கு உடம்பு நடுங்கியது.

அப்படி ஒரு சொல் காதில் விழுந்தால் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 'ஆம்' என்றாலோ, பதில் மழுப்பலாக இருந்தாலோ அன்று அவரைத் தனியாக விடாதீர்கள். சேர்த்துவைத்த மாத்திரைகளையும் பூச்சிமருந்து போன்றவற்றையும் அவர் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, மருத்துவரையோ அவசரச் சிகிச்சைப் பிரிவையோ அணுகுங்கள். பணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நாள் அதுவல்ல.

மருத்துவரிடம் பணக் கஷ்டத்தைச் சொல்லலாமா? சொன்னால் சிகிச்சையைக் குறைத்துவிடுவாரோ?

சொல்லாமல் இருந்தால்தான் சிகிச்சை குறைகிறது. வீட்டுக்கு வந்து நாமே குறைத்துக்கொள்கிறோம். முப்பது நாள் மாத்திரையில் பதினைந்தை மட்டும் வாங்குகிறோம். அடுத்த சந்திப்பைத் தள்ளிப்போடுகிறோம். மருத்துவரோ 'மருந்து வேலை செய்யவில்லை' என்று நினைத்து அளவைக் கூட்டுகிறார், அல்லது இன்னும் விலை கூடிய ஒன்றுக்கு மாற்றுகிறார். எங்கள் விஷயத்தில் இது அப்படியே நடந்தது. பாதிதான் சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் புதிய மருந்தே எழுதப்பட்டிருக்காது.

எப்படிச் சொல்வது என்றுதான் பலரும் தயங்குகிறார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மாதம் இவ்வளவுதான் எங்களால் முடியும். இதற்குள் நிற்காமல் தொடரக்கூடிய சிகிச்சை எது?" தொகையைச் சொல்லுங்கள். 'கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது' என்றால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. பிறகு இவற்றைக் கேளுங்கள். இந்தச் சீட்டில் இருப்பவற்றுள் நிறுத்தவே கூடாதது எது, சத்து மாத்திரை போல இல்லாமலும் இருக்கக்கூடியது எது? இதே மருந்து வேறு நிறுவனத்தில் விலை குறைவாகக் கிடைக்குமா? நிலைமை சீராக இருக்கும் மாதங்களில் இடைவெளி விட்டு வரலாமா, அல்லது தொலைபேசியில் பேசினால் போதுமா? வேறு ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் கடைசிக் கேள்வி மட்டுமே பாதிப் பயணச் செலவை மிச்சப்படுத்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மருத்துவர் இந்தக் கேள்விக்கு எரிந்து விழுந்தால், நெடுநாள் நோய்க்கு அவர் ஏற்றவர் அல்ல. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

விலை குறைந்த ஜெனரிக் மருந்து உண்மையாகவே அதே வேலையைச் செய்யுமா?

பெரும்பாலும் செய்யும். அசல் மருந்தின் காப்புரிமை முடிந்த பிறகு மற்ற நிறுவனங்கள் தயாரிக்கும் ஜெனரிக் மருந்தில் இருப்பது அதே மூலப்பொருள். அது இரத்தத்தில் கலக்கும் அளவும் வேகமும் அசல் மருந்தோடு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்பது ஒழுங்குமுறை. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு தன்னிடம் வந்த 2,070 ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்டபோது, சராசரி வேறுபாடு 4 சதவீத அளவிலேயே இருந்தது. அங்கீகாரம் பெற்ற தயாரிப்பா, நம்பகமான கடையா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கை மனத்தில் வைக்க வேண்டும். லித்தியம், வலிப்புக்கும் மனநிலையைச் சீராக்கவும் தரப்படும் சில மருந்துகள் ஆகியவற்றில் அளவு சற்று மாறினாலும் விளைவு பெரிதாக இருக்கும். இவற்றில் நிறுவனத்தை மாற்றுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மாற்றிய பின் அதே நிறுவனத்தையே தொடருங்கள்.

'பழைய மருந்து என்றால் தரக்குறைவு' என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது. உற்சாகமும் சோர்வும் மாறிமாறி உச்சத்துக்குப் போகும் இருமுனை மனநோய்க்கு லித்தியம் பயன்படும் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் வெளியிட்டார். அது இயற்கையில் கிடைக்கும் உப்பு என்பதால் யாரும் காப்புரிமை கொண்டாட முடியவில்லை, விலையும் ஏறவில்லை. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நோய்க்கு முதல் வரிசையில் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் லித்தியம், மனச்சோர்வுக்கான ஃபுளுவோக்செட்டின், மனச்சிதைவுக்கான ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், குளோசாபின் ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன. பொது மருத்துவமனையில் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டிய பெயர்கள் இவை. அங்கே கிடைத்தால் கடையில் வாங்கத் தேவையே இருக்காது.

மருந்து மலிவு, ஆனால் இரத்தப் பரிசோதனைக்குத்தான் பணம் போகிறது. அதைத் தவிர்க்கலாமா?

தவிர்க்க வேண்டாம். லித்தியம் இரத்தத்தில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு; சிறுநீரகத்தையும் தைராய்டையும் கண்காணிக்கவும் வேண்டும். குளோசாபின் சிலருக்கு வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதனால்தான் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் சோதித்து, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது நெடுநாள் வழக்கமாக இருக்கிறது. மருந்தைத் தொடங்கும் முன்பே "முதல் ஆண்டில் எத்தனை பரிசோதனை வரும்?" என்று கேட்டு, அதையும் மருந்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். செலவு தாங்கவில்லை. மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன்.

மூன்றாம் ஆண்டில் அண்ணன் தெளிவாக இருந்தார். தூக்கம் நன்றாக இருந்தது, சிரித்தார், செய்தித்தாள் படித்து என்னோடு வாதம் செய்தார். வீட்டில் அப்போது வேறொரு பெரிய செலவு வந்து நின்றது. 'இரண்டு மாதம் விட்டுப் பார்ப்போம்' என்று நான்தான் சொன்னேன். முதல் ஐந்து வாரம் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஐந்து வாரமும் எங்கள் முடிவு சரி என்றே தோன்றியது. ஏழாவது வாரம் அவர் தூங்குவதை நிறுத்தினார். பத்தாவது வாரம் உள்நோயாளியாகச் சேர்த்தோம். மிச்சம் பிடித்தது இரண்டு மாத மாத்திரை விலை. கட்டியது அதைப்போல நாற்பது மடங்கு. அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்த சிறிய வேலையும் போனது. அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முதல் முறையாக மனச்சிதைவு வந்து குணமானவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. மனச்சோர்வுக்கான மருந்தையும் முற்றிலும் நலமான பிறகு குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்கிறார்கள். நலமாக இருப்பதே மருந்தின் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம்.

வாழ்நாள் முழுவதும் எல்லாரும் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிறுத்துவதற்கும் குறைப்பதற்கும் முறை இருக்கிறது. மாதக்கணக்கில், சிறிது சிறிதாக, கவனித்துக்கொண்டே குறைக்க வேண்டும். அதை மருத்துவரோடு சேர்ந்து திட்டமிட்டால் செலவும் குறையலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பது, பாதியாக உடைத்துக் கொடுப்பது ஆகியவற்றை நாமாகச் செய்யக் கூடாது. மெதுவாகக் கரைவதற்காக மேற்பூச்சு இட்ட மாத்திரைகளை உடைத்தால் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

எந்த மாதமும் எது குறைந்தாலும் மருந்துப் பணம் முதலில். எங்கள் வீட்டில் அது தனி உறையில் இருக்கிறது. அதிலிருந்து கைமாற்றாகக்கூட யாரும் எடுப்பதில்லை.

கவுன்சலிங் எத்தனை முறை? ஒவ்வொரு அமர்வுக்கும் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?

முடிவே இல்லாமல் போவதற்கல்ல அது. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு நன்கு சோதிக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சைகள் பெரும்பாலும் 8 முதல் 20 அமர்வுகளுக்குள் முடிபவை. முதல் நாளே "எத்தனை அமர்வு, இலக்கு என்ன, பலன் வருகிறதா என்று எப்போது பார்ப்போம்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் தருபவரிடம் தொடருங்கள். லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு இது மட்டுமே போதுமானதாக இருக்கலாம். மனச்சிதைவுக்கும் இருமுனை மனநோய்க்கும் மருந்தோடு சேர்த்தே இது தரப்படுகிறது. குழுவாக நடத்தும் அமர்வுகளுக்குக் கட்டணம் குறைவு; அதனால் பலனும் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை.

பணம் இல்லாதவர்களுக்குச் சிகிச்சையை எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்தவர்களில் ஜிம்பாப்வேயின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவருடைய இளம் நோயாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு ஏன் அழைத்துவரவில்லை என்று தாயிடம் கேட்டபோது, பஸ் கட்டணத்துக்குப் பணம் இல்லை என்றார். அந்தத் தொகை 15 டாலர். சிகிச்சைக்குப் பணம் இல்லாமல் போகவில்லை, வந்து சேர்வதற்கு இல்லாமல் போயிருக்கிறது. அதன் பிறகு சிபாண்டா 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே மர பெஞ்சுகளில் உட்காரவைத்தார். வருபவர்களின் பிரச்சினையைக் கேட்டு, ஒவ்வொன்றாக அவிழ்க்க அவர்கள் உதவினார்கள். 2006-இல் தொடங்கிய 'நட்பு பெஞ்சு' என்ற இந்த முயற்சி, வழக்கமான சிகிச்சையைவிட மனச்சோர்வை அதிகம் குறைத்தது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் பகுதியில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இப்படிப் பேசக் கிடைக்கிறார்களா என்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பட்டம் குறைவு என்று ஒதுக்க வேண்டாம். அவருக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

"முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டுங்கள், உறுதியாகக் குணமாக்குகிறோம்" என்று ஓர் இடத்தில் சொல்கிறார்கள்.

வெளியே வந்துவிடுங்கள். நேர்மையான எந்த மருத்துவரும் மனநோய்க்கு உறுதிமொழி எழுதித்தர மாட்டார்.

உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். என்னென்ன கேட்க வேண்டும்?

தற்கொலை ஆபத்தோ, பிறருக்குத் தீங்கு நேரும் நிலையோ இருந்தால் முதலில் சேருங்கள், பிறகு கேளுங்கள். அவகாசம் இருந்தால், வீட்டிலிருந்தே பார்க்க முடியாதா, பகலில் மட்டும் வந்துபோகும் சிகிச்சை உண்டா, தோராயமாக எத்தனை நாள், ஒரு நாளுக்கான தொகையில் மருந்தும் பரிசோதனையும் அடக்கமா, கூட ஒருவர் தங்க வேண்டுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கூடத் தங்குபவரின் சம்பள இழப்பு படுக்கைக் கட்டணத்தைத் தாண்டிப்போவது உண்டு.

விடுவிக்கும் நாளில் சுருக்க அறிக்கையை வாங்காமல் கிளம்பாதீர்கள். அது இல்லாவிட்டால் அடுத்த மருத்துவர் எல்லாப் பரிசோதனைகளையும் மறுபடி முதலிலிருந்து எடுப்பார்.

காப்பீடு கைகொடுக்குமா?

உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்று சில நாடுகளில் சட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் 2008-இலும் இந்தியாவில் 2017-இலும் அப்படிச் சட்டங்கள் வந்தன. ஆனால் சட்டம் இருப்பதும் பணம் கைக்கு வருவதும் வேறுவேறு. பல காப்பீடுகள் உள்நோயாளிச் செலவுக்கே பணம் தருகின்றன. மாதாமாதம் வெளியே வாங்கும் மாத்திரையும் ஆலோசனைக் கட்டணமும் அதில் வருவதில்லை. மனநோயில் முக்கியச் செலவே அதுதான். பத்திரத்தில் புறநோயாளிச் சிகிச்சை, காத்திருப்புக் காலம், ஏற்கனவே இருந்த நோய், விலக்குகள் ஆகிய நான்கு பகுதிகளையும் படியுங்கள். நோயை மறைத்துக் காப்பீடு எடுக்காதீர்கள். தேவைப்படும் நாளில் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள், மேல்முறையீடு செய்யுங்கள்.

அரசுகளின் பக்கமும் பெரிய குறை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, நாடுகள் தங்கள் சுகாதாரச் செலவில் மனநலத்துக்கு ஒதுக்குவது நடுத்தர அளவாக 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. 2019-இல் எட்டில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகக் கணக்குச் சொல்வதும் அதே நிறுவனம்தான். குடும்பங்களின் கையிலிருந்து போகும் பணம் இந்த இடைவெளியில்தான் போகிறது. உங்களால் சமாளிக்க முடியவில்லை என்றால் அதற்கு உங்கள் திறமைக்குறைவு காரணம் அல்ல.

எல்லை எது? எப்போது 'இது ஆபத்தான செலவு' என்று சொல்ல வேண்டும்?

சுகாதாரப் பொருளாதாரத்தில் 'பேரிடர்ச் செலவு' என்று ஒரு கணக்கு உண்டு. அடிப்படை வாழ்க்கைத் தேவை போக மிஞ்சுவதில் 40 சதவீதத்துக்கு மேல் சிகிச்சைக்குப் போனால் அந்தக் குடும்பம் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் அளவுகோல் இது. வீட்டில் அதைவிட எளிதான அடையாளம் உண்டு. மருந்து வாங்குவதற்காக வட்டிக்கு வாங்கத் தொடங்கிய மாதமே எல்லையைத் தாண்டிய மாதம். அந்த மாதமே மருத்துவரிடமும் மருத்துவமனையின் சமூகப்பணியாளரிடமும் பேசுங்கள். உதவித் திட்டங்கள், மாற்றுத்திறனாளி சான்றிதழ், கட்டணச் சலுகை ஆகியவை பற்றி மருத்துவரைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும்.

இருமுனை மனநோய். உற்சாகம் ஏறும் நாட்களில் கையில் இருப்பதையெல்லாம் செலவழித்துவிடுகிறார். தடுக்கலாமா?

நோய் ஏறிய நாளில் தடுத்தால் சண்டையில் முடியும். தெளிவாக இருக்கும் நாளில் அவரோடு உட்கார்ந்து பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் இத்தனை மணி நேரத்துக்குக் கீழே போனால் கடன் அட்டையை யாரிடம் கொடுப்பது, பெரிய தொகைக்கு இரண்டு கையெழுத்து வேண்டுமா, எவ்வளவு பணம் எப்போதும் அவர் கையில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவரே சொல்லட்டும். நீங்கள் எழுதுங்கள். மொத்தப் பணத்தையும் பிடுங்கிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. கையில் ஒரு காசும் இல்லாமல் வளர்ந்த மனிதர் ஒருவரை உட்காரவைப்பது அவரை வேறு விதமாக நோகடிக்கும்.

பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் வேலையை விட்டுவிடட்டுமா?

அவசரப்பட வேண்டாம். இந்த முடிவைப் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண்தான் எடுக்கிறார், அல்லது எடுக்கவைக்கப்படுகிறார். 'அவள் சம்பளம்தானே குறைவு' என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சம்பளம் மட்டும் போவதில்லை. பதவி உயர்வும் ஓய்வுக்காலச் சேமிப்பும் வீட்டுக்கு வெளியே அவருக்கு இருந்த ஒரே மூச்சிடமும் சேர்ந்து போகின்றன. பத்து ஆண்டுகள் கழித்து அந்த வேலைக்குத் திரும்புவது எளிதல்ல.

தீவிரக் கட்டம் பெரும்பாலும் வாரங்களில், சில சமயம் மாதங்களில் தணியும். அதுவரை விடுப்பு, குறைந்த நேர வேலை, உறவினர் முறைவைத்து வருவது என்று சமாளித்துப் பாருங்கள். என் அத்தை ஒருவர் பணம் தர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் வந்து அண்ணனோடு இருந்தார். அந்த இரண்டு நாளால்தான் என் வேலை தப்பியது. அவர் தந்த நாட்களையும் நான் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன்.

உறவினர்களிடம் உதவி கேட்க வேண்டும். நோயைச் சொல்லாமல் கேட்கலாமா?

எல்லாரிடமும் சொல்லத் தேவையில்லை. கடன் கேட்பவரிடம் மட்டும், நோயாளியின் சம்மதத்தோடு, உண்மையைச் சொல்வதே நல்லது. வேறு காரணம் சொல்லி வாங்கிய பணத்தை இன்னொரு பொய் சொல்லித்தான் தள்ளிப்போட முடியும். எங்கள் அம்மா மூன்று இடங்களில் அதிக வட்டிக்கு வாங்கியதற்குக் காரணம் ஒன்றுதான். வட்டியில்லாமல் தரக்கூடிய சித்தப்பாவிடம் மகனின் நோயைச் சொல்ல வெட்கப்பட்டார். பிறகு தெரிந்தபோது சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி: "என்னிடம் ஏன் சொல்லவில்லை, அண்ணி?"

எனக்குப் பிறகு அவரை யார் பார்ப்பார்கள்?

வயதான பெற்றோர் இதை எழுந்துபோகும்போது, வாசலில் நின்றுதான் கேட்பார்கள்.

எல்லாச் சொத்தையும் அவர் பெயரில் எழுதிவைப்பதோ, எல்லாவற்றையும் மற்றப் பிள்ளைகள் பெயரில் எழுதிவிட்டு 'பார்த்துக்கொள்' என்று வாய்மொழியாகச் சொல்வதோ சரியாக வராது. அறக்கட்டளை, காப்பாளர் நியமனம், உயில் ஆகியவற்றில் உங்கள் நாட்டில் எது பொருந்தும் என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். பணம் யார் கையில், அன்றாடக் கவனிப்பு யார் கையில் என்பதைப் பிரித்து வையுங்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் கேட்க ஆள் இருக்காது. உடன்பிறந்தவர்களிடம் இப்போதே பேசுங்கள், அவரையும் வைத்துக்கொண்டு. மருந்தின் பெயர், மருத்துவர், நோய் ஏறுவதன் முதல் அறிகுறிகள், அவருக்குப் பிடித்தவை, பிடிக்காதவை என்று நான்கு பக்கம் எழுதிவையுங்கள். இதற்குச் செலவே கிடையாது.

மறுபடி அவர் சம்பாதிப்பாரா?

நாம் நினைப்பதைவிட அதிகம் பேர் சம்பாதிக்கிறார்கள். முன்பெல்லாம் நீண்ட பயிற்சி கொடுத்து, 'தயாரான பிறகு' வேலைக்கு அனுப்புவார்கள். பெரும்பாலோர் தயாராகும் நாள் வரவே வராது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் உருவாக்கிய முறை இதைத் திருப்பிப் போட்டது. விரும்பும் வேலையில் முதலில் சேர்ப்பது, பிறகு அங்கேயே தொடர்ந்து துணைநிற்பது. பல ஆய்வுகளில் பழைய முறையைப்போல இருமடங்கு அளவுக்குப் பேர் இதன்மூலம் எல்லாருக்கும் திறந்திருக்கும் வழக்கமான வேலை பெற்றார்கள், கடுமையான மனநோய் உள்ளவர்கள் உட்பட.

அண்ணன் இப்போது வாரத்தில் நான்கு நாள், அரை நாள் மட்டும், ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறார். காலையில் மாத்திரையின் மந்தம் இருக்கும் என்பதால் பிற்பகல் நேரம் கேட்டு வாங்கினோம். வரவுப் பத்தியை இப்போது அவரே எழுதுகிறார். என் கூட்டலில் தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தியும் வைக்கிறார்.

வேலைக்குச் சேரும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். மாற்றுத்திறனாளி உதவித்தொகையோ மருந்துச் சலுகையோ பெறுபவர் என்றால், எவ்வளவு சம்பாதித்தால் அது நிற்கும், வேலை நின்றுபோனால் உடனே மறுபடி கிடைக்குமா, புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டுமா என்று அந்த அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.